நான்காம் எண் அறையில் ஒரு ஜெனரல்

புவெர்த்தோ அராசா ராணுவ மருத்துவமனைக்கு வாசல் இரண்டு. ஒன்று சீருடைக்காரர்களுக்கு. அங்கே நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, வரிசையில் நாலு பேர் உண்டு. இன்னொன்று பொதுமக்களுக்கு. அங்கே வெயில் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வெயிலில் இருநூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் என் முதலாளியம்மா பெர்பெத்துவா ஒகாம்போஸும் அவர்களைத் தாண்டி முதல் வாசலுக்குப் போனோம். பட்டாளத்து பேண்டில் பதினோரு வருஷம் டிராம்போன் ஊதியதற்காக எனக்குக் கிடைத்த அடையாள அட்டை அந்த வாசலைத் திறந்தது. நாட்டை நான் ஒருநாளும் காப்பாற்றியதில்லை. நாட்டுப்பண்ணை மட்டும் சுருதி பிசகாமல் காப்பாற்றியிருக்கிறேன்.

தோன்யா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற பெர்பெத்துவா ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் அவருடைய உதவியாளன், நிகனோர். கார் ஓட்டுவேன், கதவு தட்டுவேன், அவர் சொல்லக் கூச்சப்படுகிற வார்த்தைகளை அவர் சார்பில் சொல்லுவேன்.

அன்று நாங்கள் தேடி வந்தது கிரிஸ்புலோ கௌத்தோ என்ற கொத்தனாரை. வயது ஐம்பத்தெட்டு, இதயத்தில் ஒரு வால்வு பழுது. அறுவை சிகிச்சைக்காகப் பொதுமக்கள் பட்டியலில் பதினாலு மாதம் காத்திருந்து, போன மாதக் கடைசியில்தான் அவருக்கு ஒரு கட்டில் கிடைத்தது. சனிக்கிழமை அவர் மனைவி ஃபிதெலினா துவைத்த துணியோடு வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். கிரிஸ்புலோ வியாழக்கிழமையே சொந்த விருப்பத்தில் கிளம்பிவிட்டதாக நிர்வாக அதிகாரி கேப்டன் ஃபிரெட்டெஸ் சொல்லியிருக்கிறார். எங்கே போனார் என்று கேட்டதற்கு, உடம்பு கொஞ்சம் தேறினால் ஆம்பளைகளுக்கு வேறு விலாசமெல்லாம் ஞாபகம் வரும் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பேருந்து நிலையத்தில் இருபது வருஷமாக சிப்பா ரொட்டி விற்கிற பெண் ஃபிதெலினா. லேசில் அழுகிறவள் இல்லை. புருஷன் காணாமல் போனதைச் சொல்லும்போது அழவில்லை. அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

கேப்டன் ஃபிரெட்டெஸ் எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டைத் தாராளமாகத் திருப்பிக் காட்டினார். தோன்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிளம்பியதற்காகப் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்தார். ஃபிதெலினா எங்களிடம் கொடுத்திருந்த கல்யாணப் பத்திரத்தில் இருந்த கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அவரோடதுதான்" என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திருட்டுக் கையெழுத்தாக இருந்திருந்தால் அன்றைக்கு வேலை அங்கேயே முடிந்திருக்கும். கேப்டன் பதிவேட்டை மூடினார். அப்போது தோன்யா சாதுவாக ஒன்று கேட்டார். நோயாளிகள் வரும்போது கழற்றிக் கொடுக்கிற துணிமணிகளை எங்கே வைப்பீர்கள், கிரிஸ்புலோ தன்னுடையதை எப்போது வாங்கிக்கொண்டார் என்றார்.

அந்தக் கேள்விக்குக் கேப்டன் தயாராக இல்லை. பொருள் அறைச் சிப்பாயோ உண்மையைத் தவிர வேறு பழக்கம் இல்லாத கிராமத்துப் பையன். அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தான். பெயர்ச்சீட்டு ஒட்டியபடி, கட்டு அவிழாமல் இருந்தது. உள்ளே கால்சட்டை, சட்டை, ஓலைத் தொப்பி, சிமென்ட் காய்ந்து வெளுத்த ஒரு ஜோடி செருப்பு.

மறந்திருப்பார் என்றார் கேப்டன்.

"வேற விலாசத்துக்குப் போற அவசரத்துல கால்சட்டைய மறக்கறது சகஜந்தான், கேப்டன்" என்றேன். "ஆனா போற வழியில பஸ்ஸுல ஏத்தியிருக்க மாட்டாங்களே."

மருத்துவமனை உடுப்போடு போயிருப்பார், எனக்கு நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லி எங்களை வெளியே அனுப்பினார்.

தாழ்வாரத்தில் தோன்யா நடையை நிறுத்தினார். "முதுகுல நாடா கட்டின பச்சை அங்கியோட, வெறுங்காலோட ஒரு ஆளு தெருவுல நடந்தா இந்த ஊரு ஒரு வாரம் பேசும். யாராவது பேசினாங்களா?"

"இல்ல."

"அந்த உடுப்புல ஒருத்தனை யாரும் திரும்பிப் பாக்காத இடம் ஒண்ணே ஒண்ணுதான், நிகனோர். அதுக்குள்ளதான் நாம நிக்கிறோம்."

ஆக, கிரிஸ்புலோ உள்ளேதான் இருக்கிறார். எந்த அறையில் என்பதுதான் தெரியவில்லை. இருநூறு கட்டில். கதவு கதவாகத் தட்டினால் மூன்றாவது கதவிலேயே எங்களைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள்.

பின்கட்டு மாமரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கே பழுதுபார்ப்பு வேலை செய்கிற ஹிஹீனியோ, ஐஸ் போட்ட தெரெரே மூலிகைப் பானத்தை உறிஞ்சியபடி முனகிக்கொண்டிருந்தான். பேண்டில் இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரிந்தவன். கோப்பையை எங்களுக்கும் நீட்டினான். என்னடா குறை என்று கேட்டேன். குறை, அதிகாரிகள் கட்டிடத்து நான்காம் எண் அறை ஜெனரல் ரோலோன் என்றான்.

ஜெனரல் ரோலோன் பெயரைக் கேள்விப்படாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தன் பண்ணையில் குதிரை லாயம் கட்டுவதற்குப் பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களை லாரியில் கூட்டிப்போனார். நாட்டுக்குச் சேவை செய்யத்தான் அந்தப் பையன்களின் அம்மாக்கள் அவர்களை அனுப்பியிருந்தார்கள். சுவர் இடிந்து இரண்டு பேர் செத்துப் போனார்கள். சிமென்ட் மிச்சமாகட்டும் என்று வெறும் களிமண்ணை வைத்துக் கட்டச் சொன்னதே ஜெனரல்தான் என்பது வழக்கு. ஒவ்வொரு விசாரணைக்கும் முந்தின வாரம் அவருக்கு நெஞ்சு வலி வரும். ஐந்து தடவை வந்துவிட்டது. இப்போது ஆறாவது தடவை. ஐந்து நாளாக நான்காம் எண் அறையில் படுத்திருக்கிறார். வாசலில் சிப்பாய் காவல்.

ஹிஹீனியோவின் குறை இதுதான். அந்த அறைக் குளியலறையில் இரண்டு டைல்ஸ் பெயர்ந்திருந்தது, ஒட்டப் போனான். ஜெனரல் படுக்கையிலிருந்தே ஆக்ஸிஜன் மூச்சு மூடியைக் கழற்றிவிட்டு, மணலைச் சலிக்காமல் ஏன் கொண்டுவந்தாய் என்று திட்டியிருக்கிறார். டைல்ஸை முதலில் தண்ணீரில் ஊறவை, கலவை மணல் மூணுக்குச் சிமென்ட் ஒண்ணு போடு, கரண்டியை அப்படிப் பிடிக்காதே என்றெல்லாம் பாடம் எடுத்திருக்கிறார்.

"முப்பது வருஷமா ஜெனரல்களுக்கு டைல்ஸ் ஒட்டறேன்" என்றான். "வேலை தெரிஞ்ச ஜெனரலை இப்பத்தான் பாக்குறேன்."

தோன்யா உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தார். எனக்கும் அப்போது உறைத்தது. சொந்த லாயத்துச் சுவருக்குக் களிமண் போதும் என்ற ஆள், ஆஸ்பத்திரிக் குளியலறைக்கு மூணுக்கு ஒண்ணு கேட்கிறார்.

"ரெண்டாவது டைல்ஸ் ஒட்டியாச்சா?" என்று ஹிஹீனியோவிடம் கேட்டார்.

இல்லை, மத்தியானம் போகணும் என்றான்.

"நிகனோர் வருவான் உன்கூட. அவனுக்கு வாளி தூக்கத் தெரியும்."

வாசல் சிப்பாயிடம் ஒரு பட்டியல் இருந்தது. கேப்டன், ஒரு நர்ஸ், அறுவை சிகிச்சை டாக்டர், இவர்களைத் தவிர யாரையும் விடக்கூடாது. ஆனால் வாளியும் கரண்டியும் வைத்திருக்கிறவர்களை யாரும் ஆட்களாகக் கணக்கில் எடுப்பதில்லை. அவன் கதவைத் திறந்தேவிட்டான்.

கட்டிலில் படுத்திருந்தவருக்கு ஜெனரல் மாதிரியே நரைத்த மீசை, ஜெனரல் மாதிரியே தொப்பை. முகத்தில் பாதியை மூச்சு மூடி மறைத்திருந்தது. போர்வைமேல் கிடந்த கைகள் மட்டும் ஜெனரலுடையவை அல்ல. விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்ற வெடிப்பு. ஹிஹீனியோ குளியலறையில் சத்தமாகத் தட்ட ஆரம்பித்தான். நான் குனிந்தேன்.

"மேஸ்திரி, ஃபிதெலினா அனுப்பினாங்க."

அவர் மூடியைக் கழற்றினார். கண் கலங்கியது. அவளுக்குத் தகவல் சொல்லிவிட்டதாகக் கேப்டன் சொன்னாரே என்றார். என்ன சொன்னார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. எழுந்திருங்கள், போகலாம் என்றேன்.

"வேணாம் தம்பி. நாளைக்குக் காலைல நெஞ்சைத் திறக்குறாங்க. அது முடியற வரைக்கும் என்னைத் தேடாதீங்க."

அப்புறம் துண்டு துண்டாகச் சொன்னார். ஜெனரல் நோயில்லாமல் வீட்டில் இருக்கிறார், ஆனால் நீதிமன்ற டாக்டர் வந்து பார்க்கும்போது படுக்கையில் நிஜ நோயாளி ஒருவர் இருக்க வேண்டும். கேப்டன் பொது வார்டு முழுக்கச் சுற்றி, மீசையும் தொப்பையும் பார்த்து இவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான்கு நாள் வேறு பெயரில் படு, நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை என்று சொல்லி, கிளம்பிப் போவதாக ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நீதிமன்ற டாக்டர் பார்போசா வந்தார். நேர்மையான மனுஷன். அதுதான் கேப்டன் எதிர்பார்க்காதது. நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டவர் பதறிப்போய், இந்த வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் தலைநகரத்துக்கு மாற்றிவிடுவேன் என்று எழுதிவிட்டார். கொத்தனாருக்குப் பதினாலு மாதம் கிடைக்காத தேதி ஜெனரலுக்கு ஆறே நாளில் கிடைத்தது. தலைநகரத்திலிருந்து வருகிற டாக்டருக்கு ஜெனரலைத் தெரியாது, கொத்தனாரையும் தெரியாது. வால்வை மட்டும்தான் தெரியும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு பையன்களின் சவ ஊர்வலத்தில் வாசித்தவன் நான். யாருடைய பெயரைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறீர்கள் தெரியுமா என்று கேட்டேன். ஒரு ஜெனரல் என்று மட்டும்தான் சொன்னார்களாம். சொன்னேன். லாயம், லாரி, களிமண், எல்லாம் சொன்னேன்.

 சுவர் எத்தனை அடி உயரம் என்று கேட்டார். பதினொன்று என்றேன்.

"பதினோரு அடிக்குக் களிமண்ணா" என்றார். போர்வையை விலக்கிவிட்டு, கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் போனார். "என் செருப்ப எடுத்துட்டு வா தம்பி. நான் இங்க படுக்க மாட்டேன்."

எழுந்து நின்றார். இரண்டு அடி வைப்பதற்குள் உதடு நீலம் பாரித்தது. தாங்கிப் பிடித்துத் திரும்பப் படுக்க வைத்தேன். மூடியை மாட்டிவிட்டேன். அவர் தடுத்த கையில் பலமே இல்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வெளியே வந்து தோன்யாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இப்போதே நீதிபதியிடம் போனால் ஜெனரல் மாட்டுவார். கிரிஸ்புலோவையும் வெளியே தள்ளுவார்கள். அடுத்த தேதி கிடைப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். பேசாமல் இருந்தால் அவர் பிழைப்பார். ஆனால் ஜெனரலும் ஆறு மாத ஓய்வு என்று சொல்லித் தப்புவார். ரெண்டுல எது, தோன்யா, என்று கேட்டேன்.

 தோன்யா சிரித்தார். அவர் சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"ஆபரேஷன் நடக்கட்டும். நல்லா நடக்கட்டும். ஜெனரலோட பேர்ல, முத்திரையோட, கையெழுத்தோட எல்லாம் எழுதட்டும். கேப்டனுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மதியம் முடிந்தது. பொதுமக்கள் வரிசையிலேயே நின்றுகொண்டிருந்த ஃபிதெலினாவிடம் ஹிஹீனியோ வந்து பிழைத்தார் என்று சொன்னான். அவள் தலையிலிருந்த சிப்பாக் கூடையை இறக்கி, வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள்.

எட்டாம் நாள் ஜெனரல் ரோலோன் வீட்டில் ஓய்வெடுக்கக் கிளம்பியதாக வானொலியில் சொன்னார்கள். மருத்துவமனை வண்டி போகிற வழியில் ஃபிதெலினாவின் தெருமுனையில் அரை நிமிஷம் நின்று, செருப்புப் பையோடு ஒரு கொத்தனாரை இறக்கிவிட்டுப் போனதை வானொலி சொல்லவில்லை. வாயைத் திறந்தால் தைத்ததைத் திறக்க வேண்டியிருக்கும் என்று கேப்டன் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதற்குள் தோன்யா செத்துப் போன பையன்களின் அம்மாக்கள் இருவரையும் பார்த்து ஒரு மனு எழுதி வாங்கியிருந்தார். இரண்டே வரி. ஜெனரலின் உடல்நிலையில் எங்களுக்கும் அக்கறை உண்டு, ஆகவே பத்தாம் நாள் தையல் பிரிப்பதை நீதிமன்ற டாக்டரே செய்து அறிக்கை தரட்டும், எங்கள் சார்பில் ஒருவர் கூட இருக்கட்டும். இவ்வளவு அடக்கமான மனுவை நீதிபதியால் மறுக்க முடியவில்லை. தையல் பிரிக்கப் போகிறவருக்கே விஷயம் தெரியாது. சொல்லிவிடலாமே என்றேன். சொன்னால் சந்தேகப்படுவார், பார்த்தால் நம்புவார் என்றார் தோன்யா.

பத்தாம் நாள் காலை டாக்டர் பார்போசாவோடு ஜெனரல் வீட்டுக்குப் போனோம். தோன்யா அம்மாக்களின் பிரதிநிதி. நான் டாக்டரின் பையைத் தூக்குகிறவன். நீதிமன்றக் குமாஸ்தா ஒருவரும் கூட வந்தார். வாசலிலேயே கேப்டன் ஃபிரெட்டெஸ் ஓடி வந்தார். தையல் நேற்றே பிரித்தாகிவிட்டது என்றார். அப்படியானால் தழும்பைப் பார்க்கிறேன் என்றார் டாக்டர். கேப்டன் உடனே, இல்லை, இன்னும் பிரிக்கவில்லை, ஜெனரல் தூங்குகிறார் என்றார். குமாஸ்தா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஜெனரல் கட்டிலில் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து தொப்புள்வரை கட்டு. டாக்டர் பார்போசா கைகழுவி, கத்தரிக்கோலை எடுத்து, வலித்தால் சொல்லுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். ஜெனரல் வலிக்கிறது என்றார். இன்னும் தொடவேயில்லை என்றார் டாக்டர்.

கட்டு விலகியது. உள்ளே நரைத்த மயிர், மழிக்காத காடாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. டாக்டர் கையிலிருந்த மருத்துவமனை அறிக்கையைப் பார்த்தார். மார்பு எலும்பு பிளந்து திறக்கப்பட்டது, பதினாறு தையல், கேப்டன் ஃபிரெட்டெஸின் முத்திரை. மறுபடி நெஞ்சைப் பார்த்தார். குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"குதிரை மாதிரி இருக்குது உங்க இதயம்" என்றார்.

"வைத்தியம் நல்லா பண்ணியிருக்காங்க, டாக்டர்" என்றேன். "தழும்பையும் சேத்து எடுத்துட்டாங்க."

ஜெனரல் கண்ணைத் திறந்து கேப்டனைப் பார்த்தார். கேப்டன் சன்னலைப் பார்த்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை என்று குமாஸ்தா ஜெனரலிடம் கையெழுத்து வாங்கினார். ஆறாவது நெஞ்சு வலி முடிந்தது.

வெளியே வந்ததும் ஃபிதெலினாவின் போன். அன்று காலை அவள் தையல் பிரிக்கப் புருஷனைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். பொதுமக்கள் வரிசையில் நூற்று எண்பத்தேழாவது எண். சன்னலில் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் அறுவை சிகிச்சையே நடக்கவில்லை, ஆகவே தையல் இருக்க முடியாது என்றிருக்கிறார். கிரிஸ்புலோ சட்டையைத் திறந்து காட்டியிருக்கிறார். சன்னல்காரர் நெஞ்சைப் பார்த்திருக்கிறார், பதிவேட்டைப் பார்த்திருக்கிறார், பதிவேட்டை நம்பியிருக்கிறார்.

தோன்யா திரும்பி, "டாக்டர், கத்தரிக்கோலை உள்ள வைக்காதீங்க. பிரிக்க வேண்டிய தையல் இன்னொரு வீட்ல இருக்கு" என்றார்.

கிரிஸ்புலோ படுக்கையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். டாக்டர் பார்போசா முதலில் குழலை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"உங்க முகத்த நான் பாத்ததில்ல. இந்த நெஞ்ச கேட்டிருக்கேன். அன்னைக்கு ஒரே இரைச்சல். இப்ப சுத்தமா இருக்கு."

ஒவ்வொன்றாக வெட்டினார். பதினாறு. பிறகு அறிக்கைத் தாளை எடுத்து, பெயர் எழுதுகிற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிறுத்தினார்.

தோன்யா குறுக்கிட்டு நிலைமையை விளக்கினார். மருத்துவமனைக் காகிதப்படி கிரிஸ்புலோ என்றைக்கோ கிளம்பிப் போனவர். அதை மாற்றி எழுதினால் கேப்டன் தானே மாட்டிக்கொள்வார். ஆகவே பேசாமல் இருந்தால் கிரிஸ்புலோவுக்கு ஒரு வம்பும் வராது. பெயரைக் கொடுத்தால் ஆள்மாறாட்டம் என்று அவர்மேலும் வழக்கு வரலாம். ஜெனரல் திங்கட்கிழமை எப்படியும் கூண்டில் ஏறத்தான் போகிறார். அறுவை சிகிச்சை யாருக்கு நடந்தது என்று யாராவது வந்து சொன்னால் கேப்டனும் அவரோடு ஏறுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரிஸ்புலோ ஃபிதெலினாவைப் பார்த்தார்.  அவள் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"அந்தப் பசங்களோட அம்மாக்கள் வருவாங்களா திங்கட்கெழம?" என்று கேட்டார்.

வருவார்கள் என்றேன்.

"எழுதுங்க டாக்டர். கிரிஸ்புலோ கௌத்தோ. கொத்தனார்."